புகை பார்ப்பார், பிறேக்கை யார் பார்ப்பார்?

சிறுபோக அறுவடை முடிந்து சில நாட்கள். காலை ஒன்பது மணிக்கே பிரதேச செயலகத்தில் வாகன அனுமதிப்பத்திரக் கருமபீடத்துக்கு முன்னால் வரிசை நீண்டிருந்தது. வேறொரு அலுவலாகப் போயிருந்த என்னை, வரிசையிலிருந்து விலகி வந்த ஒருவர் கண்டுகொண்டார். ஊரில் எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் அழைப்பார்கள். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் பழுப்பேறிய கடதாசிகள்.

"திருப்பி விட்டிட்டினம் தம்பி. புகைச் சேட்டிபிக்கேற் இல்லையாம். லொறி எண்டபடியால் இன்னொரு சேட்டிபிக்கேற்றும் வேணுமாம். அது என்ன, எங்க எடுக்கிறது எண்டு கேக்க முன்னம் அடுத்த ஆளைக் கூப்பிட்டிட்டினம்."

1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடையோடு வெளிக்கிட்டவர் அவர். 1995 இல் மீண்டும் இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்தார். 2009 இல் வன்னியையும் விட்டுச் செட்டிகுளம் முகாமுக்குப் போனார். இன்று கிளிநொச்சிக்குக் கிழக்கே குத்தகைக் காணியில் நெல்லும் மிளகாயும் செய்கின்றார். ஊர்க் காணி இன்னும் முழுமையாகக் கைக்கு வரவில்லை. அவரிடம் இருக்கின்ற ஒரேயொரு பெரிய சொத்து, பழைய கன்ரர் லொறி ஒன்று. தன் நெல்லையும் அயலவரின் மரக்கறியையும் சந்தைக்கு ஏற்றுவது அதில்தான். அதற்கு லைசன்ஸ் இல்லையென்றால் லொறி முற்றத்தில் நிற்கும். பொலிசார் மறித்தால் வழக்கு. வழக்குக்குப் போகும் ஒரு நாள் உழைப்பில்லாத நாள்.

இப்படி அலைகின்றவர் இவர் ஒருவர் மட்டுமல்லர். வண்டியை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது, அங்கே எதைப் பார்ப்பார்கள் என்று எமது மக்களுக்கு எவரும் ஆறுதலாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. தெரியாத இடத்தில் தரகர் நுழைந்துவிடுகின்றார். அன்று அண்ணையோடு நானும் அலைந்ததில் கண்டவற்றை இங்கே எழுதுகின்றேன்.

மூன்று கடதாசிகள்

ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது வாகன வருமான அனுமதிப்பத்திரம். நாம் 'வண்டி லைசன்ஸ்' என்று சொல்வது அதைத்தான். வடக்கில் அது பிரதேச செயலகத்தில் கிடைக்கும். அதைப் பெறுவதற்கு முதலில் காப்புறுதிச் சான்று வேண்டும். ஆகக் குறைந்தது மூன்றாம் தரப்புக் காப்புறுதியாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டாவது, புகைப் பரிசோதனைச் சான்றிதழ். மூன்றாவது, லொறி, பஸ் போன்ற வாகனங்களுக்கு மட்டும் கேட்கப்படுகின்ற தகுதிச் சான்றிதழ். அண்ணைக்கு விளங்காமல் போனது இந்த மூன்றாவதுதான். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றென்றே அவர் நினைத்திருந்தார். இரண்டும் வேறு வேறு இடங்களில் கிடைப்பவை, வேறு வேறு விடயங்களைப் பார்ப்பவை.

எந்த வண்டிக்கு எது வேண்டும் என்பதை வண்டியின் தோற்றம் தீர்மானிப்பதில்லை. பதிவுப் புத்தகத்தில் என்ன வகுப்பு என்று எழுதியிருக்கின்றது என்பதே தீர்மானிக்கும். 'மோட்டார் லொறி' என்று இருந்தால் ஒரு விதி, 'இரட்டைப் பயன்பாட்டு வாகனம்' என்று இருந்தால் இன்னொரு விதி. ஆகவே கருமபீடத்துக்குப் போகும்போது பதிவுப் புத்தகத்தின் பிரதியொன்றைக் கொண்டுபோய்க் காட்டி, என்னென்ன வேண்டும் என்று கேட்டு ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அன்று அண்ணைக்குப் பதிலாக நான் போய்க் கேட்டேன். இரண்டு நிமிடமும் ஆகவில்லை. கேட்கத் தயங்கியதால் அவருக்கு அரைநாள் போயிருந்தது. விண்ணப்பப் படிவம் தமிழில் வேண்டும் என்று கேட்பதற்கும் தயங்கக் கூடாது. தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று, வடக்கிலும் கிழக்கிலும் அது நிர்வாக மொழியும்கூட.

புகை பார்க்கும் இடம்

புகைப் பரிசோதனை இலங்கையில் 2008 ஆம் ஆண்டு மேல் மாகாணத்தில் தொடங்கியது. அப்போது வன்னியில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஏ9 வீதி பூட்டிக் கிடந்தது. பின்னர் இது ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. பரிசோதனையைச் செய்வது அரச அலுவலகம் அன்று. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியோடு தனியார் நிறுவனங்களே நிலையங்களை நடத்துகின்றன. நிரந்தர நிலையங்கள் நகரங்களில் இருக்கின்றன. நடமாடும் பிரிவுகளும் உண்டு. உங்களுக்குக் கிட்டிய நிலையம் எது, நடமாடும் பிரிவு எந்த நாளில் எங்கே நிற்கும் என்பதை லைசன்ஸ் கருமபீடத்தில் கேட்கலாம். அதைவிட விரைவாக ஓட்டோத் தரிப்பிடத்தில் கேட்கலாம். ஆண்டுதோறும் அங்கே போய்வருகின்றவர்கள் அவர்கள்.

இதைச் சொன்னபோது அண்ணை சிரித்தார்.

"மண்ணெண்ணெயில ஓடின காலத்தில ஆர் தம்பி புகை பாத்தது?"

அவர் சொன்னதில் ஒரு வரலாறு இருக்கின்றது. 1990 இல் வடக்குக்கு எரிபொருள் தடை வந்தபின், பெற்றோல் துளித்துளியாகத்தான் கிடைத்தது. ஒஸ்ரின் காரும் மொறிஸ் மைனரும் மோட்டார் சைக்கிளும் சிறிதளவு பெற்றோலில் ஸ்ராட் ஆகி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடின. டீசல் இயந்திரங்களுக்குத் தேங்காய் எண்ணெய் கலந்தவர்களும் உண்டு. வீதி முழுவதும் புகையும் மணமும். அந்தக் காலத்தில் வண்டி ஓடியதே அதிசயம். அன்று கற்ற கைமருந்துகளை எமது மெக்கானிக்குகள் சிலர் இன்றும் விடவில்லை. எரிபொருளில் மண்ணெண்ணெய் கலப்பதும் அவற்றில் ஒன்று. இன்றைய டீசல் பம்புக்கும் நொசிலுக்கும் அது கூடாது. டீசலில் உள்ள வழுவழுப்பு மண்ணெண்ணெயில் குறைவு. பம்பின் உள் உறுப்புகள் விரைவில் தேய்ந்துவிடும்.

நிலையத்தில் என்ன நடக்கின்றது? முதலில் வண்டியின் விபரங்களைக் கணினியில் பதிவு செய்வார்கள். பெற்றோல் வண்டியென்றால் சைலன்சர் குழாய்க்குள் ஒரு கம்பியைச் செலுத்தி, வெளிவரும் வாயுவில் காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோக்காபனும் எவ்வளவு என்று அளப்பார்கள். காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் இல்லாத நஞ்சு. பூட்டிய கொட்டிலுக்குள் எஞ்சினை ஓடவிட்டால் ஆளையே கொல்லக்கூடியது. டீசல் வண்டிக்கு முறை வேறு. கியரை நியூற்றலில் விட்டு, அக்சிலேற்றரைச் சட்டென்று அடிவரை மிதிப்பார்கள். வெளியேறும் புகைக்கு ஊடாக ஓர் ஒளிக்கற்றையை விட்டு, புகை எவ்வளவு ஒளியை மறைக்கின்றது என்று கருவி அளக்கும். இதைப் பல தடவை செய்து கணக்குப் பார்ப்பார்கள். பெறுமானம் எல்லைக்குள் இருந்தால் சான்றிதழ். தாண்டினால் தவறியதாக அறிக்கை. தவறினால் அதோடு முடிந்துவிட்டதென்று கலங்க வேண்டியதில்லை. வண்டியைத் திருத்தி மறுபடியும் காட்டலாம்.

அண்ணையின் லொறி முதல் தடவை தவறியது.

நிலையத்தின் வாசலிலேயே ஒருவர் வந்தார். "ஐயா, ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம், நான் எடுத்துத் தாறன்" என்றார். அவர் கேட்ட தொகை, எயார் பில்ரர் ஒன்றின் விலையை விடக் கூட. அண்ணை என் முகத்தைப் பார்த்தார். நான் வேண்டாமென்று தலையசைத்தேன். காசு போவது ஒரு பக்கம். அந்தப் புகை அடுத்த நாளும் வரும், அடுத்த ஆண்டும் வரும், டீசலும் அதோடு போய்க்கொண்டிருக்கும்.

கரும்புகை என்பது எரியாமல் போகின்ற டீசல். இதை விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும். எஞ்சினுக்குப் போகின்ற டீசலுக்கு ஏற்ற அளவு காற்று கிடைக்கவில்லை, அல்லது காற்றுக்கு மிஞ்சி டீசல் பாய்கின்றது. காற்று குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் எயார் பில்ரர். எமது வண்டிகள் நிற்பது எங்கே? சூடடிக்கும் களத்தில், நெல் வெட்டும் மிசினுக்குப் பக்கத்தில், கிறவல் ஒழுங்கையில். ஒரு போகத்துக்குள் பில்ரர் பதரும் தூசியுமாக அடைத்துவிடும். அண்ணையின் லொறியில் பில்ரரைக் கழற்றித் தட்டியபோது ஒரு சுளகு தூசி கொட்டியது. அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

பில்ரர் துப்புரவாக இருந்தும் கரும்புகை வந்தால் நொசிலைப் பார்க்க வேண்டும். டீசலைப் பனிபோலத் தூவ வேண்டிய நொசில் தேய்ந்துவிட்டால் துளியாகச் சொட்டும். துளி முழுவதும் எரிவதில்லை. அதற்கும் அடுத்தது பம்பு. பாரம் இழுக்க வேண்டுமென்று பம்பைக் கூட்டி வைத்திருப்பவர்கள் பலர். பரிசோதனைக்கு முதல் நாள் குறைத்து, சான்றிதழ் கிடைத்ததும் மறுபடி கூட்டுவது எமது பகுதியில் வழக்கமான வித்தை. கூட்டிய பம்பு இழுக்கின்ற மேலதிக பாரத்துக்கு, ஒவ்வொரு பயணத்திலும் புகைக்குழாய் வழியே எவ்வளவு டீசல் போகின்றது என்று எவரும் கணக்குப் பார்ப்பதில்லை.

நீலப்புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகின்றது. றிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கும். இது கொஞ்சம் பெரிய வேலை. காலையில் ஸ்ராட் செய்யும்போது சற்று வெள்ளைப்புகை வருவது பெரும்பாலும் பிரச்சினையில்லை. சூடேறிய பின்னும் வெள்ளையாகவே வந்து, றேடியேற்றரில் தண்ணீரும் குறைந்துகொண்டு போனால், தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்குகின்றது என்று எடுத்துக்கொள்ளலாம். அத்தகைய வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோவதற்கு முன் கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

போகின்ற நாளில் கவனிக்க வேண்டியதும் ஒன்றுண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காட்டாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடமாவது ஓடிச் சூடேறிய எஞ்சின்தான் நன்றாக எரிக்கும். லொறியை நிலையத்தின் வாசலில் நிறுத்தி எஞ்சினை நூர்த்துவிட்டு ஒரு மணித்தியாலம் காத்திருந்தால், முறை வரும்போது அது குளிர்ந்துவிடும். சைலன்சரில் ஓட்டை இருந்தால் முன்னரே ஒட்டுவித்துக்கொள்ளுங்கள். கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

புதிய பில்ரர், இரண்டு நொசில் துப்புரவு, ஒயில் மாற்றம். மூன்றாம் நாள் மறுபடி போனோம். லொறி தேறியது.

கராஜ் தரும் சான்றிதழ்

லொறிக்கான தகுதிச் சான்றிதழைப் புகை நிலையம் தருவதில்லை. அதற்கென மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்த கராஜுகள் இருக்கின்றன. எல்லாக் கராஜும் அல்ல. நல்ல வேலைகாரன் என்று பெயரெடுத்த மெக்கானிக் எழுதிக் கொடுத்தாலும், அவருடைய கராஜ் பதிவில்லையென்றால் அந்தக் கடதாசி செல்லாது. மாவட்டத்தில் எந்தெந்தக் கராஜ் பதிவுள்ளது என்பதைத் திணைக்களத்தின் மாவட்டக் கிளையில் கேட்டு அறியலாம்.

பிறேக், ஸ்ரியறிங், ரயர், லைற், ஹோன், செசி, பாரம் ஏற்றும் உடற்பகுதி என்று வண்டி வீதியில் ஓடத் தகுந்ததா என்பதற்கு அளிக்கப்படும் சாட்சியே இந்தச் சான்றிதழ். இதில்தான் எனக்கு ஒரு மனக்குறை. சில இடங்களில் வண்டி வாசலுக்குள் வர முன்னமே கடதாசி எழுதப்பட்டுவிடுகின்றது என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கின்றேன். எமது ஆட்களும் அதைத்தான் விரும்புகின்றார்கள். 'கெதியா முடியுது' என்பது பெரிய பாராட்டு. அண்ணையிடம் நான் வேறு விதமாகச் செய்யச் சொன்னேன். காசு கொடுக்கின்றோம் அல்லவா, சில்லைக் கழற்றிப் பிறேக் சூவைக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். கழற்றினார்கள். பின் இடதுபக்கச் சில்லின் பிறேக் சூ, இரும்பு தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தது. அந்த லொறியில்தான் கிழமைக்கு இரண்டு தடவை ஆட்களும் சாக்குகளுமாகப் போய்வந்திருக்கின்றார்கள்.

புத்தகம் ஒருவர் பெயரில், வண்டி ஒருவர் கையில்

பொலித்தீன் பைக்குள் இருந்த கடதாசிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அண்ணை லொறியை வாங்கியது 'ஓபின் பேப்பரில்'. அதாவது முந்திய சொந்தக்காரர் மாற்றப் படிவத்தில் கையெழுத்து வைத்து, வாங்குபவரின் பெயரை எழுதாமல் கொடுத்துவிட்டார். இப்படி மூன்று கை மாறிய வண்டி அது. சட்டத்தின் பார்வையில் லொறி இன்னும் முதல் ஆளுடையது. அந்த ஆள் இறந்துவிட்டாலோ வெளிநாடு போய்விட்டாலோ, கையெழுத்து ஒன்று குறைந்தாலும் பெயர் மாற்றுவது பெரும் சிக்கலாகிவிடும். விபத்தொன்று நடந்தாலோ, காப்புறுதிப் பணம் கேட்கப் போனாலோ சிக்கல் இரட்டிப்பாகும். விற்றவருக்கும் நிம்மதியில்லை. எவரோ ஓட்டி எவரையோ இடித்தால் பொலிசார் முதலில் தேடிப்போவது புத்தகத்தில் பெயருள்ளவரை. வாங்கியவுடன் பெயரை மாற்றிவிடுங்கள். செலவு என்று தள்ளிப்போடுவதால் செலவு குறைவதில்லை.

இடப்பெயர்வில் பதிவுப் புத்தகமே தொலைந்தவர்களும் இருக்கின்றார்கள். முதலில் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைப் பெற வேண்டும். பின்னர் சத்தியக்கடதாசியோடு திணைக்களத்தில் இணைப்பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் வண்டியில் உள்ளபடியே துடைத்துப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய லைசன்ஸ், காப்புறுதித் துண்டு, லீசிங் கட்டிய பற்றுச்சீட்டு எதுவானாலும் எறிய வேண்டாம். புத்தகத்தில் இருப்பது இடம்பெயர முந்திய ஊர் முகவரியென்றால், இப்போதைய முகவரியைத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். கிராம அலுவலரின் கடிதம் அதற்கு உதவும். பத்திரங்கள் எல்லாவற்றையும் படப்பிரதி எடுத்து, வேறு வீட்டில் ஒரு தொகுதியை வைத்துவிடுங்கள். ஏன் வேறு வீட்டில் என்று எமது மக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

எவரும் பார்க்காத பிறேக்

தகுதிச் சான்றிதழ் கேட்கப்படுவது லொறி, பஸ் போன்றவற்றுக்குத்தான். எமது முற்றங்களில் கூடுதலாக நிற்பவையோ மோட்டார் சைக்கிளும் லாண்ட்மாஸ்டரும் உழவு இயந்திரப் பெட்டியும். மோட்டார் சைக்கிளுக்குப் புகை பார்ப்பார்கள். அதன் பிறேக்கைப் பார்ப்பதற்கு ஆண்டுதோறும் எவரும் அழைப்பதில்லை. விபத்து நடந்த பிறகு மோட்டார் வாகனப் பரிசோதகர் வந்து பார்ப்பார். அது எமக்கு உதவாது.

லாண்ட்மாஸ்டரில் எனக்குப் பயம் அதிகம். ஓட்டுநர் அமர்வது பெட்டியில். பிறேக் மிதிப்பதும் பெட்டியின் சில்லுகளுக்குத்தான். வயலுக்குள் இறங்கி ஏறும்போது சேற்றுத் தண்ணீர் பிறேக் டிரம்முக்குள் போகும். வெளியே வந்த உடனே மிதித்தால் பிறேக் பிடிக்காது. வீதிக்கு ஏற முன்னர் மெதுவாக ஓட்டியபடி இரண்டு மூன்று தடவை மிதித்து ஈரத்தைக் காயவிட வேண்டும்.

குளக்கட்டிலிருந்து இறங்குவது இன்னொரு ஆபத்து. சமதரையில் இடதுகைப் பக்கத்துக் கிளச்சைப் பிடித்தால் மிசின் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில், பாரம் ஏற்றிய பெட்டி பின்னாலிருந்து தள்ளும்போது, அதே கிளச்சைப் பிடித்தால் மிசின் மறுபக்கம் திரும்பிவிடும். பிடித்த பக்கத்துச் சில்லு விடுபட்டு வேகமாக உருள்வதே காரணம். பழகாத இளம்பிள்ளைகள் குளக்கட்டில் கவிழ்வதற்கு இது ஒரு காரணம். இறக்கத்தில் கிளச்சைத் தொடாமல், குறைந்த கியரில், கைபிடியையே தள்ளித் திருப்ப வேண்டும். இறங்கத் தொடங்கிய பின் கியர் மாற்றவும் கூடாது.

அடுத்தது இரவு. நெல் மூட்டை ஏற்றிய பெட்டியொன்று பின்விளக்கில்லாமல் ஏ9 வீதியில் போனால், பின்னால் வேகமாக வருகின்ற பஸ் சாரதிக்கு அது தெரிவது மிகக் கிட்டத்தில். உழவு இயந்திரமும் பெட்டியும் தனித்தனி இலக்கத்தில் பதியப்படுபவை. பெட்டிக்கும் இலக்கத்தகடு வேண்டும், விளக்கு வேண்டும். விளக்கின் வயர் அறுந்து கிடப்பதுதான் வழக்கம். அறுந்தாலும் வேலை செய்யக்கூடியது சிவப்பு றிப்ளெக்ரர். மின்சாரம் வேண்டாம், பின்னால் வருபவரின் வெளிச்சத்திலேயே மின்னும். பெட்டியின் பின்பலகையில் இரு மூலைகளிலும் அடித்துவிடலாம். சேறு படிந்தால் துடைக்க வேண்டும். வைக்கோல் தொங்கி மூடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் நாள் காலை அண்ணைக்கு லைசன்ஸ் கிடைத்தது. சட்டைப் பையில் மடித்து வைக்கப் போனவரை மறித்து, முதலில் படப்பிரதி எடுப்பித்தேன். பிறகு லொறியில் ஏறிக் கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் வந்தோம். வாகன உதிரிப்பாகக் கடை முன்னால் நிறுத்தச் சொன்னார்.

"பெடியன்ர லாண்ட்மாஸ்டர் பெட்டிக்குத் தம்பி" என்றபடி இறங்கிப் போய், சிவப்பு றிப்ளெக்ரர் நான்கும் ஒரு பெட்டி ஆணியும் வாங்கிக்கொண்டு வந்தார்.